மூக்காயி எதிர்ப்பக்கம் உட்கார்ந்த நாள்

என் மனைவிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. சின்ன வயதில் அண்ணன்மார்கள் கேலியாக மூக்காயி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. மூக்கு அளவான மூக்குதான், அதன் வேலைதான் அளவில்லாதது. மூன்றாவது வீட்டில் பால் அடிபிடித்தால் இவள் இங்கே எழுந்து உட்காருவாள். நான் டிப்போவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், இன்று வண்டியில் டீசல் கசிந்ததா, கண்டக்டர் என் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்தாரா, நான் எந்தக் கடையில் டீ குடித்தேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் எனக்கு இது பயமாகக்கூட இருந்தது.

இருபத்தாறு வருடமாகிவிட்டது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் விடியற்காலை ஷிப்டில் பஸ் ஓட்டுகிறேன். இவள் பத்தொன்பது வருடம் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டாள். முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இத்தனை வருடத்தில் ஒரு பையன்கூட இதைச் சமைத்தது யார் என்று உள்ளே எட்டிப் பார்த்ததில்லையாம். அதைக் குறையாகச் சொல்ல மாட்டாள். கால் வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நாட்களில் மட்டும் சொல்வாள்.

ஆறு வருடத்துக்கு முன்பு அந்த விடுதியை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்தவள் ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடையில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்கப் போனாள். வாசலில் நின்றபடியே, "உள்ள சோறு அடிபிடிக்கப் போகுது, இறக்குங்க" என்றாளாம். கடைக்காரர் ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்தால், சோறு இன்னும் கருகவில்லை, கருகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார். பாத்திரம் கழுவுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சோற்றைப் பாருங்கள் என்று மரத் துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்.

அது ஜப்பான் சாப்பாட்டுக் கடை. சுஷி மட்டும்தான். கடைக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஆள் நம் பாஷைக்காரர்தான், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஜப்பானில் பதினான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கடை என்றால் ஒரே ஒரு நீள மரமேடை, அதன் முன்னால் எட்டு நாற்காலி, அவ்வளவுதான். மேடைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் நின்று மீனைச் சீவுவார், சோற்றை விரலால் பிடிப்பார், மீனை மேலே வைப்பார், ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிறவர் முன்னால் வைப்பார். எட்டுப் பேரும் கோயிலில் நிற்கிற மாதிரி பேசாமல் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். முதல் தடவை இதைக் கேட்டபோது, இதற்குப் போய் மனிதர்கள் ஒரு வாரம் முன்னாலேயே இடம் சொல்லிவைக்கிறார்களா என்று சிரித்தேன்.

மூக்காயி சிரிக்கவில்லை. அந்தச் சோற்றின் மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. அரிசியைத் தண்ணீர் தெளிகிறவரை கழுவ வேண்டும். வெந்ததும் அகலமான மரத் தொட்டியில் கொட்டி, சூடு இருக்கும்போதே வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். துடுப்பால் பிசையக் கூடாது, வெட்டி வெட்டிப் புரட்ட வேண்டும், விசிற வேண்டும், ஈரத்துணி போட்டு மூட வேண்டும். இதில் அளவு என்பதே கிடையாது. பழைய அரிசி ஒரு மாதிரி குடிக்கும், புது அரிசி ஒரு மாதிரி குடிக்கும், மழை நாளில் வேறு மாதிரி. அதனால் அந்தச் சமையலறையில் அளக்கிற கிண்ணமே இருக்கக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். இவள் மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துக் கலப்பாள். கடை திறப்பதற்கு முன்னால் ஒரு பிடி சோற்றைச் சின்னத் தட்டில் வைத்து மாஸ்டரிடம் நீட்டுவாள். அவர் வாயில் போட்டுத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகுதான் வாசல் கதவு திறக்கும்.

"மாஸ்டர் இன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தலையாட்டினார்" என்று வீட்டுக்கு வந்து சொல்வாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதைச் சொல்வதைக் கேட்க எனக்குக் கொள்ளை ஆசை. முந்நூறு பேருக்குக் கொட்டின கைக்கு இப்போதுதான் யாரோ பதில் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்தது. ஊருக்கே வந்தது. கடையில் எல்லோருக்கும் வந்து, ஒரு வாரம் மூடிப் போட்டார்கள். காய்ச்சல் விட்டு எழுந்த மூன்றாம் நாள் காலையில், நான் குளித்துவிட்டு வெளியே வந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருந்தது. இவள் அதற்குப் பக்கத்திலேயே நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பால் கருகுது!"

"கருகுதா?" என்றாள். அப்படிக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது.

மணமும் போய்விட்டது, ருசியும் போய்விட்டது. டாக்டர் தொண்டையைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். "சில பேருக்கு ஒரு மாசத்துல வந்துடும், சில பேருக்கு ஒரு வருஷம் ஆகும், சில பேருக்கு…" என்று இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாஸ்டருக்குத் தெரியக் கூடாதுங்க. இந்த மூக்குக்காகத்தான் என்னை வச்சிருக்காரு. அது போயிட்டா நான் அங்க யாரு? மறுபடி எங்கயாவது போய்ப் பாத்திரந்தான் தேய்க்கணும். என்னால முடியாதுங்க, கால்ல தெம்பு இல்ல."

"நான் ஏன் சொல்லப் போறேன்" என்றேன்.

அன்று மத்தியானம் சமைத்தாள். தட்டில் போட்டுவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் என் எதிரில் நின்றாள். வாயில் வைத்தேன். உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு, தொண்டை வரைக்கும் கரித்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. எப்பவும் போலத்தான் இருக்கு."

அவள் முகத்தில் அப்போது வந்த உயிரைப் பார்த்த பிறகு, மறுநாள் வேறு மாதிரி சொல்ல எந்தப் புருஷனுக்கு வாய் வரும்? என்னைக் கோழை என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். மகள் வீட்டில் இருந்திருந்தால் முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டு உண்மையைச் சொல்லியிருப்பாள். நான் நாலு மாதம் மென்று முழுங்கினேன். சில நாள் உப்பே இருக்காது, சில நாள் வாயில் வைக்க முடியாது, எல்லா நாளும் நல்லா இருக்கு என்று சொன்னேன். அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தாகம். பஸ் ஓட்டுகிறவன் அத்தனை தண்ணீர் குடித்தால் என்ன பாடு படுவான் என்பது பஸ் ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கடையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அங்கே மாஸ்டரின் நாக்கு இருக்கிறது, கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் அவர் சொல்லிவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். இவளும் அதைத்தான் சொன்னாள். "கை பழகிப்போச்சுங்க. வினிகர் ஊத்தும்போது கண்ணு எரியுது, மூக்குக்குள்ள குத்துது, வாசனை மட்டும் தெரியல. ஆனா மாஸ்டர் தலையாட்டுறாரு. வீட்லயும் நீங்க நல்லா இருக்குங்கிறீங்க. அளவு தப்பல, பாத்தீங்களா?" நான் பார்த்தேன் என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்து சொல்வதில் சுருதி இறங்கியது. இன்றைக்கு ஆறு பேர்தான். இன்றைக்கு நாலு பேர். வாரா வாரம் வருகிற பல் டாக்டர் ஒரு மாதமாக ஆளையே காணோம். யாரும் குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாதிரிக் கடையில் யாரும் சொல்லவும் மாட்டார்கள், ஜப்பான்காரர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் போல, நமக்குத்தான் விளங்கவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். மாஸ்டர் மீன்காரரை மாற்றினார், கத்தி தீட்டுகிற கல்லை மாற்றினார், விளக்கைக்கூட மாற்றிப் பார்த்தார். கடைசியில் சில மத்தியானங்களில் இரண்டு பேரும் அந்த எட்டு நாற்காலியைப் பார்த்தபடி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் அவர் இவளிடம் சொல்லியிருக்கிறார்: "அக்கா, கடை லீவு அன்னைக்கு மத்தியானம் நீங்களும் அண்ணனும் வாங்க. சாப்பிட வந்தவங்க மாதிரி இந்தப் பக்கம் உக்காருங்க. நான் செஞ்சு வைக்கிறேன். எதுல குறைன்னு உங்க வாய் சொன்னா நான் நம்புவேன்."

வீட்டுக்கு வந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறு வருடமாக அந்த மேடைக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. உட்காரக் கூப்பிட்ட நாளில் நாக்கு இல்லை. அன்று இரவு முழுக்கப் புரண்டாள். காலையில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

"நான் வாயில போட்டுட்டு உங்க மூஞ்சியப் பாப்பேன். சரியா இருந்தா நீங்க லேசாத் தலைய ஆட்டுங்க. சரியில்லன்னா சும்மா இருங்க. அத வச்சு நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்."

சரி என்றேன்.

அந்த நாள் நான் விடியற்காலை வண்டியை முடித்துவிட்டு நேராகக் கடைக்கே போனேன். கண் எரிச்சல், இடுப்பு வலி, சட்டையில் வியர்வை. இவள் காலையிலேயே வந்து சோற்றை ஆக்கிவைத்துவிட்டு, முகம் கழுவி, வெளியே போகிற துணி உடுத்தி, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரையில் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். இப்படி இவள் உட்கார, வேறொருவர் பரிமாற, என் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

மாஸ்டர் குனிந்து வணங்கினார். "வாங்க அண்ணே." மீனை எடுத்தார். கத்தி போகிற சத்தமே கேட்கவில்லை. சோற்றை எடுத்து இரண்டு அழுத்து, மேலே ஒரு சிவப்புத் துண்டு, எங்கள் இருவர் முன்னாலும் ஒவ்வொன்று வைத்தார்.

வாயில் போட்டேன்.

புளிப்பு காதைப் பிடித்து இழுத்தது. அதற்குப் பின்னாலேயே உப்பு வந்தது. மீன் பாவம், எங்கேயோ நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. வீட்டில் நான் தின்றதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இவள் மென்றுகொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் சும்மா இருந்திருக்க வேண்டும், அதுதான் பேச்சு. ஆனால் நாலு மாதப் பழக்கம், அந்த முகம் என்னைப் பார்த்துக் கேட்டதும் என் தலை தானாக ஆடிவிட்டது.

"நல்லா இருக்கு மாஸ்டர்" என்றாள் மூக்காயி.

மாஸ்டர் தனக்கும் ஒன்று பிடித்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "ஆமா. சோறு எப்பவும் போலத்தான் இருக்கு" என்று அவரும் தலையாட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை வாயில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் எப்படிச் சும்மா நிற்க முடியும்?

இரண்டாவது வைத்தார். மூன்றாவது வைத்தார். இவள் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள், நான் என் தட்டைப் பார்த்தேன். அவளும் ஏதோ மீன் நல்லா இருக்கு, வெட்டு நல்லா இருக்கு என்று பூசி மெழுகினாள். ஆறாவதுக்குப் பிறகு மாஸ்டர் கத்தியைத் துடைத்துத் துணியின் மேல் வைத்தார்.

"சோறும் சரியா இருக்கு, மீனும் சரியா இருக்கு. அப்ப என் கைதான் போச்சு அக்கா. பிடிக்கிற பக்குவம் போயிடுச்சு. ஜனங்க சொல்லாமப் போயிட்டாங்க. எனக்கும் அலுத்துப்போச்சு. இந்த மாசத்தோட மூடிடலாம்னு இருக்கேன். உங்கள உக்கார வச்சு ஒரு தடவை போட்டுட்டு மூடலாம்னுதான் கூப்பிட்டேன்."

மூக்காயி முகத்தில் ஈயாடவில்லை. மூக்கு போனால் வேலை போய்விடும் என்று நாலு மாதம் ஒளித்துவைத்தவள், ஒளித்துவைத்ததாலேயே கடையே போகப் போகிறது என்பது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"மாஸ்டர், சோறு புளிக்குது" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"புளிக்குது, உப்பு கரிக்குது. வாயில வைக்க முடியல. உங்களுக்குத் தெரியலையா?"

அவர் தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து மறுபடி வாயில் போட்டார். மென்று முழுங்கினார். பிறகு மேடையைச் சுற்றி வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதுவரை இவளும் பார்த்ததில்லையாம்.

"தெரியல அண்ணே. காய்ச்சல்ல போனது. இன்னும் வரல. அக்கா கலக்குற சோறு, அக்கா மூக்குக்குத் தப்பி எதுவும் வராதுன்னு தலையாட்டிட்டே இருந்தேன்."

"எனக்கும் இல்ல மாஸ்டர்" என்றாள் இவள். "நீங்க தலையாட்டுறீங்களேன்னுதான் நான் கொண்டாந்து வச்சேன்."

மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, காற்று போன மாதிரி ஒரு சத்தம். "ரெண்டு பேரும் ஒரே குழியில விழுந்துட்டு, ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சிருக்கோம்னு நெனச்சிருக்கோம். சரி, இனிமே அளந்து போடுவோம். யாராவது ஒரு நல்ல நாக்க வச்சு அளவ எழுதிக்குவோம். நீங்க எங்கயும் போக வேண்டாம் அக்கா."

இத்தனை நாள் பயந்ததற்கு அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் மாஸ்டரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத்தான் தெரியுதே. அப்ப வீட்ல?"

நான் மேடையில் சிந்தியிருந்த ஒரு பருக்கையை விரலால் ஒதுக்கினேன்.

"நாலு மாசமா தினம் கேட்டேனே. கரண்டியக் கையில வச்சுக்கிட்டு நின்னு நின்னு கேட்டேனே. இப்பக்கூட என்னப் பாத்துத் தலைய ஆட்டினீங்களே."

"உன் மனசு கஷ்டப்படும்னுதான்…"

"உங்க வாய நம்பித்தாங்க இங்க வந்து கலக்கினேன்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எழுந்து உள்ளே போனாள். நல்ல துணிக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். தொட்டியிலிருந்த சோற்றை முழுவதும் வழித்துக் கொட்டினாள். புதிதாக அரிசி எடுத்துக் கழுவினாள், ஊறவைத்தாள், உலை வைத்தாள். மாஸ்டர் எங்கிருந்தோ ஒரு கரண்டியும் டம்ளரும் தேடிப்பிடித்து, காகிதமும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றார். வினிகர் தண்ணீரை ஒரு ஸ்பூனில் எடுத்து அவர்தான் என்னிடம் நீட்டினார். தண்ணி மாதிரி இருக்கு என்றேன், ஒரு கரண்டி கூட்டினார்கள். இப்ப சர்க்கரை தூக்கல் என்றேன், குறித்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் என் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அத்தனை நேரத்தில் என் மனைவி என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் வெட்டி வெட்டிப் புரட்டி, விசிறி முடித்தாள்.

ஒரு பிடியைச் சின்னத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

வாயில் போட்டேன். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக இருந்தது. புளிப்பு வந்தது, பின்னாலேயே இனிப்பு வந்து அதைச் சமாதானப்படுத்தியது, உப்பு இருப்பதே தெரியாமல் இருந்தது. எதற்காக ஜனங்கள் ஒரு வாரம் முன்னாலேயே இடம் சொல்லிவைத்தார்கள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. என் பெண்டாட்டியின் கையை நினைத்து அத்தனை பெருமையாக இருந்தது.

"நல்லா இருக்கு" என்றேன்.

அவள் நகரவில்லை.

"சத்தியமா நல்லா இருக்கு மூக்காயி. உப்பு, புளிப்பு எல்லாம் அளவா இருக்கு."

என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். தேடியது கிடைக்கவில்லை போலிருக்கிறது. தட்டில் இன்னொரு பிடியை வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, ஏப்ரனோடு சந்துக்குள் இறங்கினாள். பக்கத்துக் கடை வாசலில் ஒருவர் குந்தியபடி பூட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இவளுக்கும் பேச்சுப் பழக்கம்கூடக் கிடையாது.

"அண்ணே, இத ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்றீங்களா? உள்ளத உள்ளபடி சொல்லுங்க."

அவர் அரத்தைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாங்கி வாயில் போட்டார். "நல்லா இருக்கும்மா. உப்பு, புளிப்பு எல்லாம் அளவா இருக்கு" என்றார்.

அவள் தோள் இறங்கியது. உள்ளே வந்தாள், என்னைத் தாண்டிப் போனாள்.

"நல்லா இருக்காம் மாஸ்டர்" என்று சொல்லி, ஈரத்துணியை எடுத்துச் சோற்றை மூடினாள்.